உமாராணி கடை ஹெலிகாப்டர்

பழைய குற்றாலம் போகிற சாலையில் உமாராணியின் பஜ்ஜிக் கடைக்கு வழி கேட்டால், ஹெலிகாப்டர் கடை என்றுதான் கை காட்டுவார்கள். நிஜ ஹெலிகாப்டர்தான். அந்தக் காலத்தில் வயல்களுக்கு மருந்து தெளித்தது. இப்போது எஞ்சின் கிடையாது, வாலும் பாதிதான். ஆனால் மீன்தொட்டி மாதிரி கண்ணாடி மூக்கு அப்படியே இருக்கிறது. சீசன் நேரத்தில் பஜ்ஜித் தட்டோடு அதற்குள் உட்கார ஒரு கூட்டமே அடித்துக்கொள்ளும்.

உமாராணியின் புருஷன் போலீஸ். மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் போலீஸ் குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொண்ட முதல் பொருள், மசூது பாயின் பழைய இரும்புக் கடையில் வாங்கிய இந்த ஹெலிகாப்டர். வந்த அன்றே நீலப் பெயிண்ட் அடித்து, கண்ணாடிக்குக் கீழே 'உச்சினிமாகாளி துணை' என்று எழுதிவிட்டாள். நம் பக்கத்தில் சாமி பேர் எழுதாமல் சைக்கிளைக்கூடத் தெருவில் இறக்க மாட்டோமே.

போன மாசி மாதம் தாணுமாலயன் என்றொருவன் வந்து நின்றான். பெங்களூரில் வளர்ந்தவன், தென்காசி பக்கம் தங்கும் விடுதி கட்டுகிறான். செல்போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினான். இதே ஹெலிகாப்டர், பச்சை நிறத்தில். பக்கத்தில் மீசையோடு அவன் தாத்தா.

"இந்த நீலத்தைச் சுரண்டிப் பாருங்கக்கா. கீழ எங்க குலசாமி குளக்கரை சாஸ்தா பேர் இருக்கும். இது எங்க வீட்டுது. சித்திரை ஒண்ணாம் தேதி லாரியோட வரேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் சாயங்காலம் அங்கே பஜ்ஜி தின்கிறவன் என்ற உரிமையில், "போடா ஒன் சோலியப் பாத்துக்கிட்டுன்னு சொல்லு" என்றேன்.

"திருட்டுச் சாமான வச்சுக் கடை நடத்த மாட்டேன் அண்ணாச்சி. இது யாருதுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் உமாராணி. ஹெலிகாப்டர் போனால் கடை போச்சு என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

மறுநாள் தோசைத் திருப்பியால் அவளே சுரண்டினாள். நீலத்துக்குக் கீழே சிவப்பு. அதில் 'மலையடி சாஸ்தா துணை'. சிவப்புக்குக் கீழே பச்சை, அதில் 'குளக்கரை சாஸ்தா துணை'. அதற்கும் கீழே மஞ்சளில் மருந்து தெளித்த கம்பெனியின் பெயர்.

தாணுமாலயன் குதித்தான். "எங்க சாஸ்தா பேரை மூடி இன்னொரு சாஸ்தா பேரை எழுதியிருக்கான். தூக்கிட்டுப் போனவன் அவன்தான்."

மசூது பாயைக் கேட்டோம். வீரகேரளம்புதூரில் மூடிப்போன ஒரு அரிசி ஆலையிலிருந்து ஏற்றிவந்ததாகவும், ஆலைக்காரர்கள் ஊரைவிட்டே போய்விட்டதாகவும் சொன்னார். நான் கையை விரித்துவிட்டேன். உமாராணி விடவில்லை.

"வீடு மாறலாம் அண்ணாச்சி, சாஸ்தா மாற மாட்டாரு. செவப்பு அடிச்ச ஆலைக்காரவுக பங்குனி உத்திரத்துக்கு வராமலா போயிருவாவ?"

வாஸ்தவம்தான். டெல்லியில் இருந்தாலும் அன்றைக்கு அவரவர் சாஸ்தாவைத் தேடி வந்துதானே ஆகவேண்டும். விசாரித்ததில், மலையடி சாஸ்தா கோயில் அச்சன்புதூரைத் தாண்டி ஒரு தோப்புக்குள் இருந்தது. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வரிசையாகப் பொங்கல் அடுப்புகள். ஒவ்வொரு அடுப்பாகக் குனிந்து, "ஹெலிகாப்டர் வச்சிருந்த வீட்டுக்காரவுக நீங்களா?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள், சிலர் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். மானம் போகிறதே என்று நான் நாலு அடி பின்னாலேயே நடந்தேன்.

கடைசி அடுப்பில் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்தார்.

"ஹெலிகாப்டரா? அது எனக்கு வந்த சீருல்லா."

பெயர் ஆனந்தவள்ளி. படத்தில் நின்ற மீசைக்காரரின் மகள், தாணுமாலயனுக்குச் சொந்த அத்தை. ஏதோ மனத்தாங்கலில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிவிட்டதாம்.

"எங்க அப்பாவுக்கு வீம்பு. ஊர்ல எவனும் குடுக்காத சீரு குடுக்கணும்னு, கம்பெனிக்காரன் ஏலம் விட்டத எடுத்து, லாரில ஏத்தி எங்கூட அனுப்பிட்டாவ. இங்கன வந்ததும் எங்க மாமனாரு செவப்பு அடிச்சாவ. கல்யாணம் ஆனா பொண்ணுக்குச் சாமி மாறுதுல்லா, சீருக்கும் மாறிட்டு."

உமாராணி சிரித்த சிரிப்பில் பக்கத்து அடுப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். பாவம், தாணுமாலயன் இன்னும் கல்யாணம் ஆகாதவன், அவனுக்கு எங்கே இதெல்லாம் தெரியப்போகிறது.

சித்திரை ஒன்றாம் தேதி லாரி வந்தபோது ஆனந்தவள்ளி அம்மாள் கண்ணாடி மூக்குக்குள் உட்கார்ந்திருந்தார். தாணுமாலயன் ஆளைப் பார்த்து விழித்தான்.

"ஒன் அத்தைலே. எங்க அப்பா எனக்குத் தந்தாவ. எங்க ஆலைய மூடும்போது நான்தான் மசூதுட்ட எடைக்குப் போட்டேன். அவருட்ட இவ வாங்கிட்டா. இது இவளுது."

அவன் பச்சையையும் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு உமாராணியிடம், "மன்னிச்சிருங்கக்கா" என்றான். நல்ல பையன்தான், நான்தான் அவசரப்பட்டுத் திட்டிவிட்டேன். உமாராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"வாங்கத்தே, வீட்டுல விடுறேன்" என்று அவன் கை நீட்டினான்.

அம்மாள் அசையவில்லை. "என் சீருன்னுதான் பேரு. மாமனாரு உக்காந்தாவ, எங்க வீட்டுக்காரவுக உக்காந்தாவ, வந்த விருந்தாளி எல்லாரும் உக்காந்து போட்டோ எடுத்தாவ. என்னைய ஒருத்தரும் ஏறச் சொல்லல. பொறுலே, இப்பத்தான ஏறிருக்கேன்."

தாணுமாலயன் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அத்தைக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். உமாராணி உள்ளே இரண்டு தட்டு பஜ்ஜி நீட்டினாள்.