மஞ்சள் துணியும் பக்கத்து வீட்டு டிரம்மும்

2003 நவம்பர் 17, திங்கட்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். காபி போட்டுக் குடித்துவிட்டு ஐந்தரையிலிருந்து ஆறு வரை முந்தைய நாளின் குறிப்பை எழுதினேன். ஏழு நாற்பதுக்கு மனைவி குரோம்பேட்டையில் தான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கிளம்பினாள். எட்டு மணிக்கு மாடி அறையைத் திறந்தேன். அன்று ஒரே ஒரு வேலை: பைண்டிங் அட்டைக்கான துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்றுவது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஐம்பத்தோராவது வயதில், அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். ஓய்வு பெற்றவர்கள் கிழக்குத் தாம்பரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை ஆறு மாதம் கவனித்தேன். காலையில் கையை வீசி நடப்பார்கள். நடந்து முடித்ததும் எவ்வளவு நடந்தோம் என்று பேசுவார்கள். அது தீர்ந்தால் சர்க்கரை அளவு, அதுவும் தீர்ந்தால் மருமகள். இந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது என்பதற்காகவே ஒரு அச்சகத்தின் பின்னறையில் பைண்டிங் கற்றேன். பிறகு அடையாறில் நான்கு சனிக்கிழமை சாயம் போடும் வகுப்புக்குப் போனேன். அங்கே என்னோடு பதினோரு பேர். எல்லோரும் கைக்குட்டையில் மாங்காய் வரைந்துவிட்டு ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். கடுக்காயை எடை போட்டவன் நான் ஒருவன்தான்.

நான் ஓய்வு வாங்கிய செய்தியைக் கேட்டதும் கூடுவாஞ்சேரியிலிருக்கும் அக்காவின் கணவர், "பிரமோஷன் வர்ற நேரத்துல நோட்டுக்கு அட்டை போடப் போறியா மச்சான்?" என்று கேட்டுச் சிரித்தார். அவருக்கு அந்த வியாழக்கிழமை திருநீர்மலையில் அறுபதாம் கல்யாணம். கல்யாணமான புதிதில் அவர் வடக்கே வேலையில் இருந்தபோது அக்காவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள் அறுபத்து நான்கு. அக்கா ஒன்றையும் தொலைக்கவில்லை. அவற்றைப் புத்தகமாக்கி, தாலி கட்டி முடிந்ததும் அவர் கையில் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். அத்தானுக்குத் தெரியாது. கடிதங்களில் ஓரம் வரை எழுத்து. ஊசி குத்த இடமில்லை. ஆகவே ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, அந்தப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்தேன். பத்தொன்பது நாள் ஆயிற்று. மிச்சம் மேலட்டை. அது மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்றாள் அக்கா. கடையில் விற்கும் மஞ்சள் துணியில் பசை பட்டதும் சாயம் கசியும், முதல் கடிதத்தில் ஏறும். நானே கடுக்காயும் படிகாரமும் வைத்துப் போட்டால் கசியாது. செவ்வாய்க்குள் துணி காய்ந்தால்தான் புதன்கிழமை ஒட்டி, அட்டை வளையாமலிருக்க மேலே பாரம் ஏற்றி வைக்க முடியும்.

பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார், கேட்காமலே தருவார். வீட்டுக்கு வீடு மழைநீரை மண்ணுக்குள் இறக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்ட ஆண்டு அது. இவர் மாடிக் குழாய்க்குக் கீழே ஒரு நீல டிரம்மை வைத்து ஐப்பசி மழையைப் பிடித்து, மூடி, பூட்டும் போட்டார். திருடர்கள் தாம்பரத்தில் தண்ணீரை அள்ளிக்கொண்டு போவார்கள் என்ற பயம். இதைப் பற்றி என் நாட்குறிப்பில் அரைப் பக்கம் இருக்கிறது. மரியாதையான அரைப் பக்கம் அல்ல.

ஒன்பது மணிக்கு நான் மோட்டார் போட்டு, பாத்திரத்தில் எட்டு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றும்போது, அவர் தலை மாடிச் சுவருக்கு மேல் தெரிந்தது.

"சார், போர் தண்ணியா ஊத்துறீங்க?"

"ஆமாம்."

"வேணாம் சார். அதுல இரும்பு இருக்கு. எங்க வீட்டுல சாதமே பழுப்பாயிடுது. டிரம்முல மழத் தண்ணி இருக்கு, ரெண்டு பக்கெட் தரட்டுமா?"

"நான் சாயம் போடறேன் சார். சாதம் வடிக்கல."

"அதுக்கில்ல சார்..." என்று ஆரம்பித்தார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

கடுக்காய்ப் பொடி விழுந்ததுமே தண்ணீர் மங்கியது. பொடி பழசு என்று கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். வகுப்புக் குறிப்பில் நாற்பது நிமிடம் என்றிருந்தது, நாற்பது நிமிடம் ஊறவிட்டேன். படிகாரம் அரை மணி என்றிருந்தது, அரை மணி. பன்னிரண்டே காலுக்குத் துணியைக் கொடியில் போட்டேன். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா மாடிக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், மஞ்ச துணி மஞ்ச துணின்னு ஒரு வாரமா சொல்லிகினு இருந்தே. கருமாதித் துணி மாரி கீது?"

"காய்ஞ்சா மாறும்."

"எங்க மாறப்போவுது? கல்யாண வூட்டுக்கு இத்த எடுத்துகினு போனா உன்ன உள்ள வுடுவாங்களா?"

காய்ந்தது. மாறவில்லை. அடுப்புச் சாம்பலின் நிறம்.

மூன்று மணிக்குப் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். வகுப்பில் போட்டுப் பார்த்த கடுக்காய் மஞ்சள் அடையாறு குழாய்த் தண்ணீரில் போட்டது. வீட்டில் அதுவரை அவுரி நீலம் மட்டும்தான், அதை இந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. பொடியின் எடை, சூடு, நிமிடம், தண்ணீரின் அளவு என எல்லாம் எழுதியிருந்தேன். எந்தத் தண்ணீர் என்று ஓரிடத்திலும் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: பக்கெட்டில் செங்கறை, தேய்த்தேன். கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும். நூறு சனிக்கிழமை துருவைத் தேய்த்தவனுக்கு அது துரு என்று தோன்றவில்லை. அந்த மாங்காய்க் கைக்குட்டைக்காரர்களில் யாராவது இதைச் செய்திருந்தால் நான் ஒரு வருடம் சொல்லிக் காட்டியிருப்பேன்.

இன்னும் ஒன்றரை மீட்டர் வெள்ளைத் துணி மிச்சமிருந்தது. கேன் தண்ணீர் வாங்கலாமா என்று பார்த்தால், அலச மட்டும் ஆறு கேன் வேண்டும். அதையும் இதே ஊர் நிலத்தடியிலிருந்துதான் நிரப்புகிறார்கள் என்று எனக்கு எப்போதும் சந்தேகம். வானத்தைப் பார்த்தேன். பளிச்சென்றிருந்தது.

ஏழு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"துணி காஞ்சுதாடா?"

"காயுதுக்கா."

"மஞ்சளா வந்திருக்கா?"

"வரும்."

"உங்க அத்தான் இன்னிக்கும் சொல்றார், நான் உனக்கு லெட்டர்ல என்னத்த எழுதினேன், சம்பளம் வந்துது, சளி புடிச்சுதுன்னு எழுதியிருப்பேன்னு. முப்பத்தி மூணு வருஷமா இதையே சொல்றார்டா. வியாழக்கிழமை அவர் கையில குடுத்து, எல்லார் முன்னாடியும் ஒரு லெட்டராவது படிக்க வெக்கணும்."

"படிப்பார்க்கா. வெச்சுடட்டுமா?"

அத்தான் சொன்னது பெரும்பாலும் உண்மை. பட்டை ஒட்டும்போது எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சம்பளமும் சளியும்தான் அதிகம். ஆனால் நாற்பத்தோராவது கடிதத்தில் அவர் எழுதிய நான்கு வரிகளை, எழுதியவர் அவர்தான் என்று யாராவது சத்தியம் செய்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அதைச் சாம்பல் நிறத் துணிக்குள் வைத்துக் கொடுக்க முடியாது.

மறுநாள் செவ்வாய். ஐந்து பத்துக்கு எழுந்தேன். காபி போடவில்லை, நாட்குறிப்பைத் திறக்கவில்லை. பக்கெட்டுகளில் கறை இருந்ததால் இரண்டு எவர்சில்வர் குடங்களை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு கேட்டில் போய் நின்று பெல்லை அழுத்தினேன். குயில் மாதிரி கூவும் பெல். ஒரு தடவை அழுத்தினால் மூன்று தடவை கூவும், தெரு முழுக்கக் கேட்கும். அவர் லுங்கியோடு வெளியே வந்து என்னையும் குடங்களையும் பார்த்தார். உள்ளே திரும்பிப் போய், சாவியோடு வந்தார்.

"எத்தன குடம் சார் வேணும்?"

"எட்டு," என்றேன்.