அண்ணி இறகு ஒட்டிய அம்பு

வயல் வரப்பில் மயில் இறகு கிடந்தால் என் கால் தானாக நின்றுவிடும். தோகையைச் சொல்லவில்லை, அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகுவதற்கு எல்லோரும் ஓடி வருவார்கள். நான் சொல்வது மயிலின் சிறகிலிருந்து உதிரும் செம்பழுப்பு இறகை. அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, ஒருவரும் குனிந்து எடுப்பதில்லை. நான் எடுப்பேன். விரலால் நீவிப் பார்ப்பேன். லேசான எண்ணெய்ப் பிசுக்குத் தட்டும். இதற்குச் சீயக்காய் போட்டால்தான் பசை பிடிக்கும், அதைக் கண்டுபிடித்தது என் அண்ணி என்று பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லிவிடுவேன். கேட்டுக் கேட்டு என் பிள்ளைகளுக்குக் காது புளித்துவிட்டது. புளிக்கட்டும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி, வடக்கே இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் ஒரு குடியேற்றத்தின் ஓரத்தில் காடு வெட்டிக் குடிசை போட்டவர்கள் நாங்கள். அண்ணன், அண்ணி, தங்கை நான். எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள். எங்களுக்கு முன்பே யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து வயல் காணி பெற்றவர்கள் அங்கே ஒரு முருகன் கோயில் கட்டியிருந்தார்கள். திருவிழா நாட்களை அவர்கள் வீடுகள்தான் பங்கு போட்டுச் செய்தன. நாங்கள் வீதி கூட்டுவோம், பந்தல் போடுவோம், தண்ணீர் சுமப்போம். எங்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று வாய் திறந்து கேட்க நாலைந்து வருஷம் ஆனது. கேட்டது அண்ணன், பிடரியில் கைவைத்துத் தள்ளாத குறையாக அவரை அனுப்பி வைத்தது அண்ணி.

கோயில் தலைவர் கெட்டவர் அல்லர். நெடுநேரம் யோசித்து, வேட்டைத் திருவிழாவை எங்களுக்குத் தந்தார். அன்றைக்கு முருகன் குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் போவார். வெளிவீதியில் வைக்கோலால் கட்டிய பன்றி ஒன்று நிற்கும். அன்றைய திருவிழாவை ஏற்றுச் செய்கிற வீட்டு ஆண் ஒருவர் சாமியின் பேரால் அதன்மேல் அம்பு விட வேண்டும். ஒரே அம்புதான். வருஷா வருஷம் அது தள்ளாடித் தள்ளாடி நடுவழியில் விழும். பூசகர் போய் எடுத்து, பன்றியில் குத்திவிட்டு வருவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே யாரும் அந்த நாளை விரும்பிக் கேட்பதில்லை. "தாறம் தம்பி. ஆனா சனம் சிரிக்கிற மாதிரிச் செய்துபோட்டுப் பேந்து அடுத்த வருசம் வந்து கேக்கக் கூடாது, ஓமோ?" என்றார் தலைவர். அவர்கள் வீட்டு அம்பு விழுந்தால் அது ஒரு நாள் சிரிப்போடு போய்விடும். எங்கள் அம்பு விழுந்தால் அந்தக் கோயிலில் எங்களுக்கென்று இருக்கும் ஒரே நாளும் போய்விடும். அண்ணன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காட்டில் தேடி நேரான தடி ஒன்றை வெட்டி வந்து, காயவைத்து, சீவி, முனைக்கு ஆணி அடித்து, வில்லில் பூட்டி விட்டுப் பார்த்தார். அதுவும் மற்றவர்களுடையதைப் போலவே குறுக்கே புரண்டு விழுந்தது. முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி சுளகைக் கீழே வைத்தார். "தொரை பங்களாவுல வல கட்டி ஒரு பந்து அடிப்பாங்களே, அதுக்குப் பின்னால இறகு வச்சிருக்கும். எப்புடி அடிச்சாலும் தல முன்னாடிதான் போவும். நம்ம அம்புக்கும் வால்ல இறகு வேணும்." பங்களாவின் புல்தரையைத் தாண்டிக் கொழுந்துக் கூடையோடு போய்வந்த காலத்தில் பார்த்ததை அண்ணி மறக்கவில்லை. நானும் அதே வழியால்தான் போய்வந்தேன். எனக்குத் துரைசாணியின் சப்பாத்து மட்டும்தான் நினைவிலிருந்தது.

இறகுக்குப் பஞ்சமில்லை. மயில்கள் எங்கள் வயலைத் தங்கள் வயல் என்றே எண்ணியிருந்தன. இறகை நடுத்தண்டோடு நெடுகப் பிளந்து, அம்பின் வாலைச் சுற்றி மூன்று துண்டு ஒட்ட வேண்டும். ஒட்டுவதில்தான் வினை வந்தது. முதலில் கோதுமை மாவில் பசை காய்ச்சினோம். காய்ந்ததும் இறகு தானாகவே கழன்று விழுந்தது. மிச்சத்தை எறும்பு தின்றது. பிறகு விளாம்பிசினை ஊறவைத்து ஒட்டினோம். விடிந்து பார்த்தால் மூன்று இறகும் தரையில். சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிற சொலூசனை அண்ணன் வாங்கி வந்தார். அது அம்பில்தான் ஒட்டவில்லை. அண்ணியின் விரல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்தது. "இந்தா, இப்ப என் கையத்தான் வில்லுல பூட்டணும்," என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. கடைக்காரன் பழைய சொலூசனைத் தலையில் கட்டிவிட்டான் என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி யாரையும் திட்டவில்லை, உற்றுப் பார்க்கத் தொடங்கினார். கழன்ற பிசினைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். இறகின் பக்கம் சொரசொரப்பாக இருந்தது. தடியில் இருந்த பக்கமோ வழவழவென்று பளபளத்தது. முகர்ந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். இலுப்பெண்ணெய் வாசம். கோயிலுக்குப் போகிற மரச்சாமானை எண்ணெய் பூசாமல் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மலையில் சாமி தூக்கும் மூங்கிலுக்கு எங்கள் அப்பா அப்படித்தான் பூசுவார். அண்ணனும் தினமும் பொழுதுபட்டதும் குளித்துவிட்டு, திருநீறு பூசி, பக்தியோடு அந்தத் தடியை அடியிலிருந்து நுனிவரை நீவி நீவி எண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் இறகைக் கழற்றி எறிந்தது எறும்புமல்ல, கடைக்காரனுமல்ல, அண்ணனின் பக்திதான்.

சண்டை வருமென்று நான் குசினி அடுப்படியில் ஒதுங்கினேன். "எண்ண பூசாத கட்டைய சாமிக்கு எப்புடிக் குடுக்கிறது?" என்று அண்ணன் குரலை உயர்த்தினார். அண்ணி நிதானமாகச் சொன்னார்: "எண்ண சாமிக்குத்தானே? அத வெளக்குல ஊத்துங்க. எரிஞ்சா என்ன, ஊறுனா என்ன, சாமிக்குப் போய்ச் சேரும். அம்பு மட்டும் காஞ்சு கெடக்கட்டும்." அண்ணன் எழுந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு விளக்கடிக்குப் போனார்.

அதன்பிறகு அண்ணியின் கையை நான் வேடிக்கை பார்த்தேன். தடியின் வால் பக்கத்தைச் சாம்பலில் புதைத்து எண்ணெயை உறிஞ்சவைத்தார். சொரசொரப்பான பராய் இலையால் தேய்த்தார். மறுபடியும் சாம்பல், மறுபடியும் இலை. இறகையும் விரலால் நீவிப் பார்த்து, "இந்த மயிலும் எண்ண தேச்சுத்தான் குளிக்கும் போலிருக்கு," என்று சொல்லிச் சீயக்காயில் அலசி நிழலில் உலர்த்தினார். விளாம்பிசினைப் புதிதாகக் கரைத்து, இறகை வைத்து, தையல் நூலால் மெல்லச் சுற்றிக் கட்டினார். காயும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று கட்டளை. அண்ணன் தன் வீட்டு முற்றத்திலேயே அதை விட்டு விலகிச் சுற்றிப் போனார்.

திருவிழா அன்று காலை, ஒரு இறகின் நுனி லேசாகத் தூக்கியிருந்ததைக் கண்டு அண்ணி இன்னொரு துளி பிசின் வைத்தார். மாலையில் வீதி நிறைந்த சனம். சிரிக்க ஆயத்தமாக நின்ற முகங்களை எனக்கு இன்றைக்கும் அடையாளம் சொல்ல முடியும். அண்ணன் வில்லை வளைத்தார். அம்பு புறப்பட்டது தெரிந்தது. புரளவில்லை, தள்ளாடவில்லை, நேரே போய் வைக்கோல் பன்றியின் விலாவில் இறங்கி நின்றது. "அரோகரா" என்று எழுந்த குரலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைவர் தானே போய் அம்பைப் பிடுங்கினார். இறகை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "ஆர் தம்பி ஒட்டினது?" என்று கேட்டார். ஊரே கேட்கிறது என்று தெரிந்துகொண்டே அண்ணன் உரக்கச் சொன்னார்: "என் பொஞ்சாதிங்க ஐயா."

பூசை முடிந்து அன்னதானத்துக்கு இலை போட்டார்கள். முதற்பந்தியில் வயல் காணிக்காரர்கள் இருப்பார்கள், எங்கள் ஆட்கள் பிறகு. யாரும் சட்டம் போட்டதில்லை. வந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு நான் வழக்கம்போல வேலியோரம் ஒதுங்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதற்பந்தியின் நடுவில் உட்கார்ந்தார். எங்கள் மற்றப் பெண்களையும் கண்ணால் அழைத்தார். ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். சோற்றுக் கடகத்தோடு வந்த தலைவர் எங்கள் முன்னால் நின்றுவிட்டார். அவர் பார்வை அண்ணியின் விரல்களில் படிந்திருந்த கறுத்த பிசினில் நின்றது.

"பிள்ளை, கையைக் கழுவிப்போட்டு இருங்கோவன்," என்றார்.

"கழுவிட்டேங்க ஐயா. இது போவாது," என்றார் அண்ணி.

தலைவர் குனிந்து, முதலில் அண்ணியின் இலையில் சோறு போட்டார். பிறகு என் இலையில்.