கால்வாய் ஒழுங்கையை வரைபடத்தில் ஏற்றியவர்

“செபமலர் போட்டா, தம்பி” என்றார் அந்தோனி அண்ணன். காலை பதினொரு மணி. நான் பல்கலைக்கழகத்தில் ஒரு வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து பாலெர்மோவுக்கு வந்து மூன்று வருடமாகியும் ஈழத்தமிழ் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. “என்ன போட்டாங்க?” என்று கேட்டேன். “போட்டா” என்றால் “போய்விட்டா” என்று எனக்குத் தெரியாது. பிறகு யாரோ தொலைபேசியை வாங்கி, மொண்டெல்லோவில் வேலை செய்யும் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா அப்படியே சாய்ந்துவிட்டார் என்றும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். முந்தின நாள் மாலைதான் என்னுடன் அரை மணி நேரம் பேசியிருந்தார். வயது நாற்பத்தெட்டு. ஒரு தலைவலி என்றுகூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய கணவரிடமே அப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டேனே என்பது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

உங்களில் பலருக்கு அவரைக் கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறொரு இடத்தில். பிரான்காச்சோவுக்கு அப்பால், எலுமிச்சைத் தோட்டங்களுக்கிடையே பேருந்து கடைசியாகத் திரும்பும் எங்கள் சிறிய தேவாலயப் பங்கில், பகுதித் திட்டம் ஒன்று எழுதத் தொடங்கினோம். எங்கே வீடு கட்டலாம், எங்கே நடைபாதை வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று ஊர்க்காரர்களே கூடி எழுதி, வாக்களித்து, நகரசபையிடம் கொடுப்பது. நகரமைப்பு படித்தவன் என்பதால் வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது. குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை சிஞ்ஞோரா கார்மேலா. தமிழர் தரப்பில் குழுவுக்கு வந்தவர் செபமலர் அக்கா மட்டுமே. போர் முடிந்த மறு வருடம் வன்னியிலிருந்து வந்து, ஏழு வருடமாக அங்கே குடியிருந்தவர்.

முதல் வரைபடத்தைப் பங்கு மண்டபத்துச் சுவரில் மாட்டிய அன்று எல்லோரும் பாராட்டினார்கள். அக்கா மட்டும் கால்வாயோரத்தில் விரலை வைத்தபடி நின்றார். அங்கே வாகனத் தரிப்பிடம் என்று எழுதியிருந்தேன்.

“தம்பி, இதிலை என்ன இருக்கு?”

“பழைய குடோனுங்க அக்கா. பதிவுல அப்படித்தான் இருக்கு.”

“அதுக்குப் பின்னாலை பதினொரு குடும்பம் இருக்கிறம். மழை வந்தால் முழங்கால் மட்டும் தண்ணி. நீங்கள் ஒருக்காலும் அங்காலை வந்து பாக்கேல்லையோ?”

நான் போய்ப் பார்த்ததில்லை. என் அறையிலிருந்து அந்தக் கால்வாயோரச் சந்துக்கு, அவர்கள் சொல்லும் ஒழுங்கைக்கு, பத்து நிமிட நடை.

மறுநாளே கூட்டிப்போனார். கிடங்குகளை மறித்துக் கட்டிய அறைகள். சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறை. ஆனால் அந்த வீடுகளை வரைபடத்தில் காட்டுவதும் எளிதாக இல்லை. காட்டினால் நகரசபைக்குத் தெரிந்துவிடும், வீட்டு உரிமையாளர் அபராதத்துக்குப் பயந்து தங்களை வெளியேற்றிவிடுவார் என்று பலர் பயந்தார்கள். காட்டாவிட்டால் அந்த நிலம் காலி நிலம்; தரிப்பிடம் வந்துவிடும். அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டி இரண்டையும் மறைக்காமல் சொன்னார். யாரையும் வற்புறுத்தவில்லை. ஒரு பெண், “உங்கட வாயாலை எங்களைத் தெருவிலை விடப்போறியள்” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். அக்கா என் பக்கம் திரும்பி, “என்ர வீட்டை முதல் போடுங்கோ. மற்றவை பாத்திட்டுச் சொல்லட்டும்” என்றார். போட்டேன். மாத முடிவில் ஒன்பது வீடுகள் சேர்ந்தன. தரிப்பிடம் என்ற சொல்லை அழித்து, கால்வாயைத் தூர்வாரிக் கரை கட்ட வேண்டும், குடியிருப்போரை அகற்றக்கூடாது என்று எழுதினோம்.

வரைவு ஆறு வாரம் மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு இருந்தது. நான்காவது வாரத்தில் வீட்டு உரிமையாளர் அக்காவின் அறையைக் காலி செய்யச் சொன்னார். தைத்த முள் எது என்று பார்த்துப் பிடுங்குவதுபோல், அவருடையதை மட்டும். அக்காவும் அந்தோனி அண்ணனும் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே பக்கம் ஒரு அறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் வேலை முடித்து, இரண்டு பேருந்து மாறி, எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். என் வரைபடத்தால்தானே இது நடந்தது என்று நான் தடுமாறியபோது, “நீங்கள் கீறினீங்கள். சொன்னது நான்” என்று முடித்துவிட்டார்.

வாக்கெடுப்பு ஒரு ஞாயிறு, பூசைக்குப் பிறகு. பங்கின் எல்லைக்குள் வசிப்பவருக்கே வாக்கு. வாசல் மேசையில் பெயரும் விலாசமும் எழுத வேண்டும். சிஞ்ஞோரா கார்மேலா குனிந்து அக்காவிடம் பழைய விலாசத்தையே எழுதச் சொன்னார். யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். அக்கா நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி இத்தாலியனில் தன் புது விலாசத்தைச் சொன்னார். பிறகு என்னிடம் தமிழில், “நான் ஒரு பொய் எழுதினால், நாளைக்கு முழுத்திட்டமும் பொய் எண்டு சொல்லுவினம்” என்றார். தரிப்பிடம் கேட்டவர்கள் எதிர்ச்சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாக்கிழந்த அவர் பின்வரிசையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அங்கே வந்து மூன்று வருடம்கூட ஆகாத நான் கையை உயர்த்தினேன். இரண்டு முறை எண்ணினார்கள். நான்கு கை கூடுதலாகத் திட்டம் நிறைவேறியது. வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்தச் சனத்தின்ர வீட்டுக்குள்ளை தண்ணி வராட்டில் போதும் தம்பி” என்றார். ஐந்து மாதம் கழித்து நகரசபையும் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் பதினேழு நாள்தான் அவர் இருந்தார்.

அடக்கத்துக்கு ஒழுங்கையின் மற்றப் பத்துக் குடும்பங்களும் வந்தன. கதவைச் சாத்திய பெண் பெட்டியின் தலைமாட்டைவிட்டு நகரவேயில்லை. நான் அழவில்லை, அழ வேண்டும் என்பதே தோன்றவில்லை. தொடர்ந்து சில நாள், அக்காவிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தேன். கரை கட்டும் வேலைக்கு உத்தரவு வந்தபோது அந்தோனி அண்ணனுக்குச் சொன்னேன். “ஓம்” என்றார். பிறகு, “அவவிட்டை இதை ஆர் சொல்லுறது?” என்றார்.

அன்று அந்த மேசையில் நான் நின்றிருந்தால் பழைய விலாசத்தைத்தான் எழுதியிருப்பேன். என்னைப் பற்றி அவ்வளவு எனக்குத் தெரியும். புது விலாசத்தை அவர் சொன்ன அந்தத் தாழாத குரலை நான் வைத்துக்கொள்கிறேன்.