திருநீற்றில் தெரிந்த விரிசல்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அத்தையும் எழுத வேண்டும் என்று அண்ணன் பிள்ளைகள் கேட்டார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். ஆனாலும் ஜப்பான்காரன் காலத்தில் அண்ணன் செய்த ஒரு காரியத்தை நேரில் பார்த்தவர்களில் இன்று நான்தான் மிச்சம். எழுதாமல் விட்டால் அது என்னோடு போய்விடும்.

அண்ணன் மலாயாவில், சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் பத்து வயது வித்தியாசம். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகாமல் தோட்டத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். லாரியைப் பார்க்காமலே, அது வரும் சத்தத்தை வைத்து எந்தச் சக்கரம் ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். சக்கரத்து நட்டுகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுப்பார். நட்டுக்குக் கீழே துரு வடிந்திருந்தால் அது உள்ளே தளர்ந்திருக்கிறது என்பார்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார துரை ஓடிவிட்டார். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அண்ணனை விட்டுவைத்ததற்குக் காரணம், தோட்டத்தில் மிஞ்சிய ஒரே லாரியை ஓட வைக்க அவரை விட்டால் ஆள் இல்லை. அந்த வேலையில் ஏதாவது கெட்ட பெயர் வந்தால் அடுத்த சயாம் கூட்டத்தில் மகனும் போய்விடுவான் என்று அம்மா பயந்துகொண்டே இருந்தார்.

லாரிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் கட்டியிருக்கும். முன்பு ரப்பர் பால் ஏற்றியது. அந்த நாளில் பெண்களை ஏற்றிக்கொண்டு புக்கிட் செலம்பாவ் பக்கம் மரவள்ளி நடப் போகும். போனால்தான் அன்றைய அரிசி. நாற்பது பேருக்குக் குறையாமல் நிற்போம். அம்மாவோடு நானும் போவேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சூடமும் இல்லை, சந்தனமும் இல்லை. எங்கேயோ தேடி ஒரு தேங்காய் கொண்டுவந்தார்கள். சாணம் எரித்துச் சலித்த திருநீறு மட்டும் நிறைய இருந்தது. பூஜைக்காக அண்ணன் வண்டியைக் கழுவி, இரும்புக்கெல்லாம் பழைய எண்ணெய் பூசி, பிறகு சாக்கால் ஈரமில்லாமல் துடைத்து வைத்தார். லாரி ஓட்டிய மாமா, அம்மாவுக்கு அண்ணன் முறை, சந்தனம் இல்லாத குறைக்குத் திருநீற்றையே கெட்டியாகப் பட்டை போட்டார். லாரியையும் டிரெய்லரையும் பிணைக்கும் இரும்புத் தண்டிலும் மூன்று பட்டை.

மறுநாள் காலையில் தண்டின் பட்டைக்குக் குறுக்கே தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று மாமா கோபப்பட்டு, புதுத் திருநீறு எடுத்து அதன் மேலேயே பூசி மறைத்துவிட்டார். நாங்கள் ஏற ஆரம்பித்தோம். அண்ணன் வழக்கம்போல் வண்டியைச் சுற்றி வந்து அந்தத் தண்டின் அருகே குனிந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. என்ன என்று மாமா போய்ப் பார்த்தார்.

"மாமா, இப்பதானே பூசுனீங்க? ஆளுங்க ஏற ஏற கோடு மறுபடி வருது பாருங்க. உள்ள வெடிச்சிருக்கு. வெடிப்புல எறங்குன எண்ணெய் பாரம் ஏறினதும் வெளிய கசியுது."

சொல்லிக்கொண்டே துணியால் திருநீற்றைத் துடைத்தார். மேலேயிருந்து அம்மா கத்தினார்.

"ஏன்டா, சாமிக்கு வெச்ச துன்னூற தொடைக்கிறியே, புத்தி கெட்டுப் போச்சா?"

"துன்னூறுதாம்மா காட்டிக் குடுத்துச்சு. எல்லாரும் எறங்குங்க!"

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டு வருசமா இதே வண்டிதான்டா ஓட்டுறேன். நேத்து தேங்கா ஒடச்சிட்டு இன்னைக்கு தண்டு ஒடையும்ங்கறியா?"

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். ஜப்பான் அதிகாரி ஆபீசிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். "தம்பி, வண்டிய நிறுத்துனா நீயே கெடுத்தேன்னு சொல்வான். சயாம் லிஸ்டுல உன் பேர்தான் முதல்ல இருக்கும்" என்று அண்ணனிடம் முணுமுணுத்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "யாரும் எறங்காதீங்க! எறங்குனவங்களுக்கு இன்னைக்கு அரிசி கெடையாது!"

ஒருவரும் அசையவில்லை. லயத்தில் எல்லார் வீட்டிலும் அடுப்பு எப்படி எரிந்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும். அண்ணன் டிரெய்லருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "எறக்கத்துல பாலம் இருக்கு. அங்கதான் ஒடையும்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, நிறைமாதம், பிடித்துப் பிடித்து எழுந்தார். "கிராணி ஐயா, நீங்க வந்து எங்க நடுவுல உக்காருங்களேன். நீங்க வந்தா நானும் வாரேன்."

கிராணி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"அப்ப சரி லா" என்று சொல்லி அக்கா இறங்கிவிட்டார். அவர் பின்னால் ஒருவர், இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் டிரெய்லர் காலி. கடைசியாக இறங்கியது எங்கள் அம்மாதான்!

அதிகாரி "பகெரோ" என்று திட்டி அண்ணன் கன்னத்தில் விட்ட அறை இன்னும் என் காதில் இருக்கிறது. டிரெய்லரில் மரவள்ளிக் குச்சிகளை ஏற்றி, அதன் மேல் அண்ணன் தனியாக உட்கார்ந்து போக வேண்டும், பெண்கள் பின்னால் நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். தண்டு உடையாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அவன் சொல்லவே வேண்டியதில்லை. அண்ணன் பட்டறையிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து இரண்டு வண்டியையும் சேர்த்துச் சுற்றினார். ஒரு மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினார்.

மாமா மெதுவாக ஓட்டினார். ஒரு மைல்கூடப் போகவில்லை. பாலத்துக்கு இறங்கும் இடத்தில் டக்கென்று ஒரு சத்தம். டிரெய்லர் சங்கிலியில் தொங்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. அண்ணன் குதித்துக் கட்டையைச் சக்கரத்துக்குக் கீழே தள்ளினார். சக்கரம் அவர் முழங்காலில் இடித்தது. டிரெய்லர் அப்படியே குடை சாய்ந்து, குச்சிகள் எல்லாம் ஆற்றில் கொட்டின. அம்மா "ஐயோ" என்று ஓடினார். அண்ணன் சேற்றில் உட்கார்ந்து, "மாமா, தண்ட எடுங்க, தண்ட எடுங்க" என்கிறார். தண்டு உடைந்த இடத்தில் பாதிக்கு மேல் முன்பே வெடித்த பழைய கறுப்பு, கொஞ்சம்தான் அப்போது உடைந்த புது வெள்ளை. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

தண்டு உடைந்ததற்கும் அண்ணனுக்குத்தான் அறை விழுந்தது. சயாமுக்கு அனுப்பு என்று அதிகாரி சொன்னபோது, அதே கிராணி கைகட்டி நின்று, "இவனை அனுப்பிவிட்டால் தண்டை யார் ஒட்டுவது?" என்று மலாய் மொழியில் கேட்டார். அந்த ஒரு கேள்வியால் அண்ணன் பிழைத்தார். அன்று யாருக்கும் அரிசி கொடுக்கவில்லை.

ஜப்பான் சண்டை முடிந்த பிறகு அண்ணன் சுங்கைப் பட்டாணியில் பட்டறை வேலை, பிறகு கோலா கெடாவில் மீன் லாரிகள் என்று காலம் முழுக்க வண்டிக்கு அடியிலேயே இருந்தார். இடது முழங்கால் சரியாக மடங்காது. ஆனாலும் படுத்து உள்ளே நகர்ந்துவிடுவார். ஒரு தடவை ஸ்பிரிங் பட்டை ஒன்று வெடித்திருக்கிறது என்று லாரியை விடவில்லை. மீன் கெட்டுவிடும் என்று சீன முதலாளி தவுக்கே குதித்தார். "மீன் நாறினா வண்டியக் கழுவிக்கலாம் தவுக்கே" என்றாராம் அண்ணன். குறையும் சொல்ல வேண்டும். என் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ்ஸுக்கு அடியில் பட்டு வேட்டியோடு புகுந்து எங்கள் மானத்தை வாங்கினார். சம்பந்தி ஒரு மாதம் சிரித்தார்.

கடைசி நாட்களில் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் நர்ஸிடம், "மிஸி, இந்தக் கட்டில் சக்கரத்துல பின்னு இல்ல, பாத்து தள்ளுங்க" என்றார். பார்த்தால் நிஜமாகவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நான்காம் நாள் விடியலில் அமைதியாகப் போய்விட்டார்.

அவரைப் பொறுமையாகக் கவனித்த மிஸிமார்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த புக்கிட் செலம்பாவ் அக்கம் பக்கத்தாருக்கும், கோயில் கமிட்டியாருக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. அந்த நாளைப் பற்றி யாராவது அண்ணனைப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. "வெடிப்பப் பாக்கறது என் வேலை. பாத்தேன். பட்டினின்னு தெரிஞ்சும் என் வாய நம்பி எறங்குனாங்களே, அவங்களச் சொல்லுங்க" என்பார். அப்படி இறங்கியவர்களில் என்னைத் தவிர யாரும் இப்போது இல்லை. இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அன்று அரிசியை விட்டுவிட்டு வண்டியிலிருந்து இறங்கினார்கள். எங்கள் அண்ணன் சாகும்வரை அதை மறக்கவில்லை.