வாளிகளை எண்ணியவன்

காலை நாலரை மணிக்கு வைரவன் பல் துலக்கிக்கொண்டே வாளிகளை எண்ணுகிறான். அரபு நாட்டு அல்கூஸ் தொழிலாளர் கேம்ப்பின் பன்னிரண்டு குளியலறைகளுக்கு எதிரே அவை வரிசையாக நிற்கின்றன. வாளியை இடம்பிடிக்க வைத்துவிட்டு, ஆட்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பார்கள். வாயில் நுரை இருப்பதால் யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவான்.

கேம்ப்பின் பொறுப்பு அவனுடையது. எதையும் அளக்காமல் விடமாட்டான். புது சோப்புப் பிரித்தால் உறையில் தேதி எழுதுவான். அவன் சோப்பு இருபத்துமூன்று நாள் வரும். இருபத்திரண்டில் தீர்ந்தால் அன்று முழுக்க யோசனையாகவே இருப்பான்.

காரைக்குடியில் கணிதம் படித்தபோது பாடப் புத்தகத்திலிருந்து அவனைப் பிடித்துக்கொண்டவர் எர்லாங். டென்மார்க்கில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் இருந்துகொண்டு, இத்தனை பேர் பேச வந்தால் இத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர்.

"அளந்து பாக்க ரோட்டுக் குழிக்குள்ள அவரே எறங்குவாரு. பின்னாடியே ஒரு ஆளு ஏணியத் தூக்கிக்கிட்டு வருவான்" என்று சொல்லும்போது, கூடவே நடந்துபோனவன்போல் வைரவன் முகம் மலரும். "செத்து நூறு வருசம் ஆகப்போகுது. இன்னக்கும் போன் நெரிசல அவரு பேரச் சொல்லித்தான் அளக்குறாங்க. லிட்டரு, கிலோ மாதிரி எர்லாங்கு. ஒரு மனுசன் பேரு அளவாயிருச்சே!"

சாரம் கட்டும் கீழக்கரை சாதிக் பாட்ஷா இதற்கெல்லாம் மசிகிறவர் அல்ல. "என்ன மாப்ள, ஒங்க எர்லாங்கு குளிச்சிட்டாரா? பஸ்ஸு வந்துரும், யல்லா, சீக்கிரம்!"

போன மாதம் அலுவலகம் குளியலறைக் கணக்குக் கேட்டது. வைரவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு மணி நேரத்தில் அறுபது பேர். லீவு நாளில் கடிகாரம் வைத்துப் பார்த்தபடி ஆளுக்கு ஆறு நிமிடம். பெருக்கி, மணிக்கு அறுபது நிமிடத்தால் வகுத்தால் ஆறு எர்லாங்; அதாவது எந்த நேரமும் சராசரியாக ஆறு குளியலறையில் ஆள் இருக்கும். கோடு போட்டு, அட்டவணை கட்டி அனுப்பினான்.

மேனேஜர் வெங்கட்ராமன் போனில் கேட்டார்: "யாருப்பா இந்த எர்லாங்? புது கன்சல்டன்டா?" விளக்கியதும் மகிழ்ந்துபோனார். "ஆறுன்னா எட்டு பாத்ரூம் தாராளமாப் போதுமே. நாலை ஸ்டோர் ஆக்கிடலாம். சனிக்கிழமை ஆள் அனுப்பறேன்."

மறுநாள் விடிகாலை வைரவன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, செய்தி கேட்ட சாதிக் பாட்ஷா துண்டோடு ஓடிவந்தார். "அறுவது பேருன்னு எவன் சொன்னான்?"

வைரவன் நுரையைத் துப்பினான். "நான்தான் பாய். தெனமும் வாளிய எண்ணுறேன்ல?"

"வாளிக்கு ஒரு ஆளுன்னு எந்த ஊருல கண்ட? எங்க ரூம்ல எட்டுப் பேரு, வாளி நாலு. நான் வெளிய வந்ததும் அதே வாளியோட அடுத்தவன் உள்ள போவான். நாலு கதவ மூடுனா பாதிப் பேரு குளிக்காமப் போகணும், இல்லாட்டி பஸ்ஸ விட்டுட்டு ஆப்சென்ட் வாங்கணும். ஒங்க வெள்ளக்காரரு வாளிய எண்ணச் சொன்னாரா?"

வைரவன் வாளி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். நான்கு வருடமாக அவன் அனுப்பிய எந்தக் கணக்கும் தப்பென்று திரும்பி வந்ததில்லை. பேசாமல் இருந்தால், கணக்குத் தப்பாதவன் என்ற பெயர் அப்படியே இருக்கும். எட்டு மணிக்கு அலுவலகம் திறந்த உடனே போன் செய்தான்.

"சார், கணக்கு தப்பு. ஆளுக்குப் பதிலா வாளிய எண்ணிட்டேன்."

மேனேஜர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "உன் ரிப்போர்ட் தப்புன்னு ஃபைல்ல ஏறிடும். பரவாயில்லையா?"

"ஏறட்டும் சார்."

"நாளைக்கு ஒழுங்கா எண்ணு. நூறு பேரைத் தாண்டினா பன்னெண்டும் இருக்கட்டும்."

மறுநாள் நாலரைக்கு, வாளிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு எல்லோரையும் ஆளாகவே நிற்கச் சொன்னான். முணுமுணுத்தபடி வரிசை படிக்கட்டைச் சுற்றி வாசல்வரை நீண்டது. வைரவன் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தான். தொண்ணூறில் ஒருவன் கூச்சத்தில் நெளிந்தான். நூறு தாண்டியதும் சாதிக் பாட்ஷா, "ஹலாஸ் மாப்ள, போதும்!" என்று கத்தினார். வைரவன் நிற்கவில்லை. நூற்று நான்கில் வரிசை முடிந்தது. அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தன் தோளையும் ஒருமுறை தொட்டுக்கொண்டான்.

"நூத்தியஞ்சு."