கன்னியம்மாளின் ஹெட்லைட்

திருமழிசை எஸ்டேட்டில் எங்கள் பிளாஸ்டிக் யூனிட்டுக்கு இரண்டாவது ஷிப்ட் சூப்பர்வைசர் கன்னியம்மாள். வயது நாற்பத்தேழு. பதினாறு வருஷம் பக்கெட் மூடிகளை விரலால் தடவித் தடவி ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ என்று பிரித்தவர். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் சூப்பர்வைசர் ஆனார். மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை எட்டு மிஷினும் முப்பது ஆளும் அவர் கையில்.

அதுவரை ஆண்களே பார்த்த வேலை அது. முதல் வாரம் அவர் ஒரு மிஷினை நிறுத்தச் சொன்னால், எந்த மிஷின், இதுவா அதுவா என்று நாங்கள் இளித்துக்கொண்டு நிற்போம்.

“இளிச்சது போதும், பல்லுல காத்து பூந்துடப் போவுது. நிறுத்து” என்பார்.

நின்றுவிடும். மிஷினும் சிரிப்பும்.

வேலைக்கு அவர் வருவது நூறு சிசி மோட்டார் சைக்கிளில். பழைய வண்டி, தன் போனஸில் வாங்கியது. ஸ்கூட்டி வாங்கியிருக்கலாமே என்று யாராவது ஆரம்பித்தால், “அதோட சின்ன சக்கரம் நம்ம ரோட்டுப் பள்ளத்துல குந்திக்கும். அப்பறம் அத கெளப்ப ஜேசிபி வரணும்” என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார்.

அந்த வண்டியில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு விழுந்தார். பூந்தமல்லி ஹைரோட்டில் வந்து, வேலப்பன்சாவடியில் திரும்பி, அயனம்பாக்கம் ஏரிக்கரையைப் பிடித்தால் அவர் வீடு. ஏரிக்கரையில் கம்பம் இருக்கும், கம்பத்தில் விளக்கு இருக்கும், விளக்கில் வெளிச்சம் இருக்காது. நடு ரோட்டில் ஓர் எருமை படுத்திருந்தது. இரண்டு மாதமாகவே மங்கிக்கொண்டு வந்த ஹெட்லைட்டில், கிட்டே போகிறவரை தெரியவில்லை. சட்டென்று ஹேண்டிலை ஒடித்ததில் வண்டி ஒரு பக்கம், கன்னியம்மாள் ஒரு பக்கம். முழங்கையில் ஆறு தையல்.

பார்க்கப் போன எங்களிடம் கட்டுப் போட்ட கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: “எருமை அசையலடா. நான் வுழுந்து, எழுந்து, வண்டிய தூக்கி, மண்ண தட்டி முடிக்கிற வரைக்கும் அசபோட்டுகினே பாத்துகினு கீது. யாரும்மே நீ, இந்த நேரத்துல இன்னா வேலன்ற மாரி.”

நாங்கள் சிரித்தோம். அவர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

கணவர் மணவாளன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேசுவது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும். “வேணாம்மே... நமக்கு இன்னா கொறச்சல்... ராத்திரில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா...” வாக்கியம் எதையும் முடித்து வைக்க மாட்டார்.

மகன் கோபிக்கு ஐடி வேலை. அம்பத்தூரில் ஃபிளாட். அவன் பேசினால் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார வைத்த மாதிரி இருக்கும். “மா, பேசிக்கா பிரச்சின இன்னான்னா, இது ரிஸ்க். பைக்க வித்துடலாம். நீ மார்னிங் ஷிப்ட்டுக்கு மாறிடு, பஸ்ல போ. சிம்பிள்.” சொன்னதோடு நிற்கவில்லை. வண்டியைப் படம் பிடித்து விற்பனை ஆப்பில் போட்டுவிட்டான். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஆள் வருகிறது என்றான்.

காலை ஷிப்ட்டில் சூப்பர்வைசர் இடம் காலியில்லை. மாறினால் மறுபடியும் பக்கெட் மூடிதான். மேனேஜர் திருமுருகன் போனில் தெளிவாகவே சொல்லிவிட்டார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு முறை தொண்டையைச் செருமுவார். “க்கும். கம்பெனி பாலிசின்னு ஒண்ணு இருக்கும்மா. க்கும். ராத்திரி உங்களுக்கு ஒண்ணுன்னா பதில் சொல்றது நானு. திங்கக்கிழமை வரும்போது ஷிப்ட் மாத்தற லெட்டர் கொண்டாந்துடுங்க.”

அந்த லெட்டரையும் கோபியே டைப் அடித்துக் கொண்டுவந்து டிவி மேல் வைத்தான். ஐந்து நாளில் வண்டியும் போகும், வேலையும் போகும். கன்னியம்மாள் லெட்டரைப் படித்தார்.

“இங்லீஷ் நல்லாத்தான்டா கீது. ஆனா நான் வுழுந்தது கண்ணு தெரியாம இல்ல, லைட்டு தெரியாம. லைட்ட மாத்தாம என்ன எதுக்கு மாத்தற?”

“மா, லைட்டு மாத்துனா எல்லாம் சரியாயிடுமா?”

“ஆவுதா இல்லியான்னு பாரு. ஞாயித்துக்கெழம அதே ஏரிக்கரை, அதே இருட்டு. நீயே பாரு.”

கோபி கொஞ்சம் யோசித்தான். “ஓகே. எருமை படுத்திருந்த எடத்துல நான் கறுப்பு டீ-ஷர்ட் போட்டுகினு ஒக்காருவேன். நாப்பது அடி தள்ளியே நீ நிறுத்திட்டன்னா விளம்பரத்த எடுத்துடறேன்.”

“பொருத்தமான வேஷம்தான்” என்றார் கன்னியம்மாள்.

வியாழக்கிழமை முதல் வேலையாக ஒரு பைக் அலங்காரக் கடையில் நீலம் கலந்த வெள்ளை எல்இடி பல்பு போட்டுக்கொண்டு வந்தார். போட்டவுடன் அயனம்பாக்கம் முழுக்க விடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் விடிந்ததெல்லாம் மரக்கிளையிலும் மொட்டை மாடியிலும். ரோடு அப்படியே கிடந்தது. எதிரில் வந்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஹார்ன் அடித்தார்கள். ஒரு தண்ணி லாரிக்காரர் வண்டியை நிறுத்தியே கேட்டார்: “இன்னாம்மா, கல்யாண மண்டபத்துலேர்ந்து லைட்ட கழட்டிகினு வந்துட்டியா? எனக்கு ஊடு போய்ச் சேரணும்மா!”

மறுநாள் மேனாம்பேட்டில் மெக்கானிக் முகமது இஸ்மாயில் கடை. ஒவ்வொரு பேச்சையும் ‘சரியா?’ என்று முடிக்கிறவர். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

“இந்த பல்பு உன் வண்டி லைட்டு கிண்ணத்துக்கு செஞ்சது இல்லக்கா, சரியா? அதான் நாலா பக்கமும் தெளிக்குது. கிண்ணமும் உள்ள கறுத்துப் போச்சு. அப்பறம் இந்த பழைய வண்டில லைட்டுக்கு கரெண்ட்டு நேரா இஞ்சின்லேர்ந்து போவுது. பள்ளம் வந்தா நீ மெதுவா போவ, லைட்டும் கூடவே மங்கிடும். வெளிச்சம் வேணும்ன்ற எடத்துல பாத்து தூங்கிடும், சரியா?”

“எங்க ஊட்டுக்காரர் மாரியே கீதே பாய்.”

இஸ்மாயில் அரை நாள் வேலை செய்தார். லைட்டை பேட்டரிக்கு மாற்றினார். தடியான வயர் இழுத்து, நடுவில் ரிலே என்ற சின்ன சுவிட்ச் வைத்தார். கண்ணாடியோடு புது கிண்ணம், கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல பல்பு. பிறகு வண்டியைச் சுவருக்கு எதிரே தள்ளி நிறுத்தி, லைட் இருக்கும் உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார்.

“மேல குந்துக்கா. டிபன் பையும் மாட்டிக்க. நீ குந்துனா பின்பக்கம் அமுங்கும், லைட்டு வானத்த பாக்கும். ஆளு இல்லாம செட் பண்ணா தப்பாயிடும்.”

“என் வெயிட்ட பத்தி பேசறியா பாய்?”

“லைட்ட பத்திதான் பேசறேன், சரியா?” என்று சொல்லி, வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்குக் கீழே நிற்கும்வரை திருகினார்.

ஞாயிறு மாலை ஏழு மணி. ஏரிக்கரை. வண்டி வாங்க வந்தவர் ஜெகதீஷ், ஆவடிக்காரர். விஷயம் கேட்டதும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கத் தயாராகிவிட்டார். வேறு வண்டி வந்தால் நிறுத்த, கையில் செல்போன் டார்ச். மணவாளன் நடந்தே வந்து சேர்ந்தார். தப்படி போட்டுத் தூரம் அளக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கோபி கறுப்பு டீ-ஷர்ட்டில் நடு ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

தூரத்தில் வண்டி கிளம்பியது. வந்தது. வந்துகொண்டே இருந்தது. கோபி எழுந்து ஓரத்துக்குத் தாவினான். வண்டி நின்ற இடத்துக்கும் அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவில் நான் ஒரு தப்படிகூட வைக்க வேண்டியிருக்கவில்லை.

“பாத்தியாமா? இத்தான் சொன்னேன்!” கோபியின் மீட்டிங் குரல் காணாமல் போய், அயனம்பாக்கத்துக் குரல் வெளியே வந்துவிட்டது. “செத்துருப்பேன்!”

கன்னியம்மாள் ரோட்டில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தார். முகம் செத்திருந்தது. முந்தாநாள் சுவரில் கோடு போட்ட மாதிரி விழுந்த வெளிச்சம், இப்போது நடுவில் பெரிய ஓட்டையோடு விழுந்தது. இறங்கி முன்னால் போய்க் குனிந்தார். நிமிர்ந்தார்.

“யோவ். இது யார் வேல?”

புது கண்ணாடி நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். பல்பு சூட்டில் காய்ந்து ஓடாகியிருந்தது.

மணவாளன் ரேடியோ மெதுவாகப் பாடியது. “நேத்து அமாவாசமே... புது லைட்டு... யார் கண்ணாவது பட்டுடப் போவுதுன்னு கொஞ்சம் தூக்கலா...”

“கொஞ்சமா? தோச மாவு ஊத்தி வெச்சிருக்க!”

கன்னியம்மாள் தன் பையிலிருந்து மிஷின் துடைக்கும் வேஸ்ட் துணியை எடுத்தார். மணவாளன் குறுக்கே வந்து நின்றார். இந்த முறை வாக்கியத்தை முடித்தார்.

“தொடைக்காதமே. சாமிக்கு வெச்சத தொடைச்சா நல்லது இல்ல. வண்டிக்கு நெத்தி அது.”

“நெத்தி டேங்க்குய்யா. இது கண்ணு. உன் கண்ணு மேல சந்தனத்த அப்பிகினு வேன் ஓட்டுவியா?” பிறகு ஏதோ தோன்றி நிறுத்தினார். “இதுக்கு முன்னாடியும் வெச்சியா?”

“மாசா மாசம் வெக்கிறேனே. நீ சூப்பர்வைசர் ஆனதுலேர்ந்து வெள்ளிக்கெழமையும் வெக்கிறேன். ராத்திரில வரியேன்னுதான்...”

பழைய லைட் ஏன் இரண்டு மாதமாக அத்தனை மங்கியது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. மணவாளனுக்கும். அவர் தானாக வழிவிட்டு விலகினார். கன்னியம்மாள் அவரை ஒரு நொடி பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தோம்.

“டேங்க்கு மேல படி படியா வெய்யி. வேணான்னு சொல்லல. கண்ணாடி மேல கை வெச்ச, அப்பறம் கை இருக்காது.”

தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தார். துணியை ஈரமாக்கி, ஊற வைத்து, மிச்சமில்லாமல் துடைத்தார். ஜெகதீஷ் சத்தமில்லாமல் போய்த் தன் பைக்கின் லைட்டையும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

கோபி மறுபடி உட்கார்ந்தான், இந்த முறை பாதி எழுந்த மாதிரி. வண்டி வந்தது. ரோட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் முளைத்தது. பள்ளத்துக்கு விளிம்பு தெரிந்தது. கோபியின் டீ-ஷர்ட் மடிப்புகூடத் தெரிந்தது. வண்டி தூரத்திலேயே வேகம் குறைத்து, குறைத்தபின்னும் மங்காமல் நின்றது. நான் தப்படி போட்டேன். எழுபது அடி.

கோபி பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தான். மீட்டிங் குரல் திரும்பியிருந்தது. “ஓகேமா. லைட்டு ஓகே. ஆனா பேசிக்கா, மழ காலத்துல இன்னா பண்ணுவ? அப்பறம் நாய் தொரத்துனா? பங்ச்சர் ஆனா?”

கன்னியம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“இது பாஸானா இன்னொரு பரிட்ச. அது பாஸானா இன்னொண்ணு. இல்ல? நீ காலேஜுக்கு ராத்திரி பஸ்ல போய் வந்தப்ப நான் எத்தன பரிட்ச வெச்சேன்? ரோட்டுல குந்தினது போதும், எழுந்து ஊட்டுக்குப் போ. லைட்டு எனக்குத் தெரியணும், தெரியுது. இனிமே யாருக்கும் ஓட்டிக் காட்ட மாட்டேன்.”

ஜெகதீஷ் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அக்கா, ஆர்சி யார் பேர்ல கீது?”

“என் பேர்ல.”

“இவரு அவரு வண்டின்னு சொன்னாரே...” என்று கோபியைத் திரும்பிப் பார்த்தார். கோபி தன் செல்போனைப் பார்த்தான். பார்த்த கையோடு, யாரும் சொல்லாமலே, விளம்பரத்தை எடுத்தான்.

திங்கட்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்குக் கன்னியம்மாள் வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் கட்டு. மேனேஜர் ரூம் வாசலில் நின்றிருந்தார்.

“க்கும். லெட்டர் எங்கம்மா?”

“இன்னா லெட்டரு சார்?”

“ஷிப்ட் மாத்தற லெட்டர். க்கும். உங்க பையன் மெயில்லயே காப்பி அனுப்பிட்டாரே.”

“அவன்தான எழுதினான்? அவனுக்கு வேணும்னா மாத்திக் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரில் இரண்டாவது ஷிப்ட் பக்கத்தைத் திருப்பி, சூப்பர்வைசர் என்ற இடத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டார். பிறகு எங்களைப் பார்த்து, “நாலாம் நம்பர் மிஷின் ஏன் இன்னும் ஓடல?” என்றார்.