மணல் சாக்கில் எடுத்த அளவு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கொடைக்கானலை விட்டுச் சொந்த நாட்டுக்குப் போன ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் முதலாளியின் பழைய காரை அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கினோம். கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய கார்.
2. அண்ணனுக்கு இடது கண் சரியாகத் தெரியாது. லைசென்ஸ் கிடைக்காது. ஆகவே ஓட்டுவது நான், பக்கத்தில் உட்காருவது அவன் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவன்தான்.
3. நான் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினேன்.
4. விளக்கு, ஸ்டியரிங், பிரேக், இருக்கை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் காரை மாற்றிக் கட்டினோம்.
5. வத்தலக்குண்டில் ஓட்டுநர் இருக்கைக்கு என் உடம்பை அளவெடுத்தார்கள்.
6. இருக்கைகள் வந்தன. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். என் கால் கிளச்சை எட்டவில்லை.

ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் ஒன்று நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்ததால் அதற்கு என்னால் எண் போட முடியவில்லை.

இதெல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில், போன சீசனில் நடந்தது. அப்பாவும் அம்மாவும் பழனியில் இருக்கிறார்கள். அடிவாரத்தில் எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. அண்ணனுக்குப் பஞ்சாமிர்த வியாபாரம் பிடிக்கவில்லை. மலைக்கு வந்து கொடைக்கானல் பஜாரில் மோட்டார் சாமான் கடை வைத்தான். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு அதே ஊரில் மின்சார அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். பஜாருக்குக் கீழே ஒரு சிறிய வீட்டில் இருவரும் இருக்கிறோம். என்னைவிட அவன் இரண்டு வயது மூத்தவன். சண்டை போடாமல் ஒரு வாரம் கழிந்ததில்லை; சண்டை மறுநாளைக்கு மிஞ்சியதும் இல்லை.

சீசன் தொடங்கும்போது, கார் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறும் காட் ரோட்டில் போட்டிக்குக் கார் விடுவார்கள். அடிவாரத்தில் ஒவ்வொரு காராகப் புறப்பட்டுப் பெருமாள்மலை வரை ஏற வேண்டும். கடிகாரம் பார்த்து யார் வெரசாக வந்தது என்று சொல்வார்கள். பரிசு கிடையாது. மேலே ஒரு டீ, பிறகு அடுத்த வருஷம் வரை அதைப் பற்றியே பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அண்ணன் காரை வாங்க ஆசைப்பட்டான். அவனோடு பேசிப் பேசி எனக்கும் ஆசை வந்தது. பிறகு அவனைவிட அதிகமாக வந்தது.

நாங்கள் வாங்கும் முன் கார் நின்றிருந்த எஸ்டேட் கொட்டகையில் பூம்பாறை வெள்ளைப்பூண்டை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எத்தனை முறை கழுவியும் காரிலிருந்து பூண்டு வாசம் போகவில்லை. எஞ்சின் நன்றாக இருந்தது. இருக்கைகளை எலி தின்றுவிட்டிருந்தது. தோல் கிழிந்து ஸ்பிரிங் மட்டும் மிச்சம்.

வெளிநாட்டுச் சாமான் எளிதில் கிடைப்பதில்லை. மெட்ராஸில் பழைய சாமான் கடைகளிலும், உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட பொருள்களிலும் தேடித்தான் எடுக்க வேண்டும். அண்ணன் மாதம் ஒரு முறை மெட்ராஸ் போய்வருவான். வந்ததும் பையைத் தரையில் கொட்டிவிட்டு, "பாத்துச் சொல்லு இஞ்சினியரம்மா" என்பான்.

அவனுக்குப் பளபளப்பு வேண்டும். எனக்குச் சாமான் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். மூன்று குரலில் கத்தும் வெள்ளி நிற ஹாரன் ஒன்றைக் கொண்டுவந்தான்.

"இது எதுக்கு? கல்யாண ஊர்வலத்துக்கா?"

"வளைவுல எதிர வர்ற லாரிக்காரன் வெலக வேண்டாமாக்கும்?"

"சிரிச்சுக்கிட்டே வந்து மோதுவான்."

ஹாரன் கடைக்குப் போயிற்று. பதிலுக்கு நான் கேட்ட மஞ்சள் விளக்கு வந்தது. பனிமூட்டமாக மஞ்சு இறங்கும்போது வெள்ளை வெளிச்சம் கண்ணையே திருப்பி அடிக்கும். மஞ்சள் விளக்கைத் தாழ்வாகப் பொருத்தினால் சாலையின் ஓரம் தெரியும். ஸ்டியரிங்கில் அவன் கேட்டது மிகச் சிறிய வட்டம். கொண்டை ஊசி வளைவில் அதைத் திருப்ப என் தோளுக்குப் பலம் போதாது என்று நடுத்தரமானதை எடுத்தேன். பிரேக் கட்டையை மட்டும் அவன் விருப்பத்துக்கு விட்டேன். அந்த விஷயத்தில் அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

இருக்கை விஷயம்தான் நீண்ட நாள் இழுத்தது. ஒரு தடவை அவன் பழைய போர் விமானத்திலிருந்து கழற்றிய இரண்டு அலுமினிய இருக்கைகளோடு வந்தான். ஒரு கையால் தூக்கலாம். அவ்வளவு லேசு. காரில் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். அண்டாவுக்குள் இறங்கியதுபோல் இருந்தது. கண்ணுக்கு நேரே கார் முகப்புதான் தெரிந்தது, சாலை தெரியவில்லை. விமானி பாராசூட் மூட்டையின்மேல் உட்காருவான். அதற்காகவே அவ்வளவு ஆழம். உள்ளே நல்ல மெத்தை தைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

இன்னொன்றும் நான் சொன்னேன். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் பழைய இரும்புத் தடம், அந்த ரெயில், துருப்பிடித்து ஆடியது. "ரெயிலே வேண்டாம். நாலு பிராக்கெட் வச்சுத் தரையோட முடுக்கிரலாம். ஓட்டப்போறது ஒரே ஆளுதானே" என்றேன். பிராக்கெட்டுக்கு வரைபடமும் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் அதை உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு" என்றான்.

மெத்தை தைக்க இருக்கைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வத்தலக்குண்டு போனோம். அங்கே பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். காய்கறி லாரி ஓட்டுபவர்கள் அவரிடம்தான் இருக்கை தைத்துக்கொள்வார்கள். அவர் அளவெடுக்கும் முறையே வேறு. வண்டியின் அளவுப்படி பெடலும் ஸ்டியரிங்கும் மாட்டிய மரச் சட்டத்தில் இருக்கையை வைத்து, சாக்கில் ஈர மணலைப் பாதிக்குக் கட்டி அதில் போடுவார். ஓட்டுநர் அதன்மேல் உட்கார்ந்து, காலைப் பெடலில் வைத்து, கையை ஸ்டியரிங்கில் வைத்துச் சற்று நேரம் அசையாமல் இருக்க வேண்டும். எழுந்ததும் மணலில் உடம்பின் பள்ளம் அப்படியே நிற்கும். அந்தப் பள்ளத்துக்குத் தகுந்தபடி தேங்காய் நாரைச் செதுக்கி, மேலே தோல் போட்டுத் தைப்பார். பெடலிலிருந்து முதுகு வரை நூல் பிடித்து அந்தத் தூரத்தையும் சாக்கிலேயே கரியால் எழுதிவைப்பார்.

நான் சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து மணலில் உட்கார்ந்தேன். மேஸ்திரி ஒரு நொடி தயங்கி அண்ணனைப் பார்த்தார்.

"பாப்பாதான் டிரைவருங்களா?"

"ஆமா. நல்லா ஓட்டும்."

"ஓட்டட்டும் ஓட்டட்டும். நமக்கென்ன, லாரியிலயும் இப்படித்தாங்க. டிரைவர் மாறுனா சாக்கு மாறும். மொதலாளி ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

எல்லோரும் சிரித்தோம். கொசுவம் கிளச்சில் சிக்காமலிருக்க, மெத்தையின் முன் விளிம்பை மழுக்கி வளைத்துத் தரச் சொன்னேன். அதையும் கரியால் குறித்துக்கொண்டார். பக்கத்து இருக்கைக்கு அண்ணன் இன்னொரு நாள் வந்து உட்காருவதாகச் சொன்னான்.

அண்ணனுக்கு ஒரு சிநேகிதர் உண்டு. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். சனிக்கிழமைகளில் வந்து கார் வேலையை வேடிக்கை பார்ப்பார். "மாப்ளே, பூண்டு வாசத்துக்கே எதிர வர்ற வண்டியெல்லாம் ஒதுங்கிரும்" என்று கேலி செய்வார். நான் டீ கொடுத்தால் எழுந்து நின்று வாங்குவார். அவர்மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

இருக்கை தயாராகும் நாட்களில் அண்ணன் ஒரு மாலை தோல் துண்டுகளைக் கொண்டுவந்து விளக்கடியில் பரப்பினான். தையல் ஓரத்துக்கு எந்த நிறம் என்று கேட்டான். "ஓட்டுற சீட்டுக்கு நீயே சொல்லு" என்றான். அரக்குச் சிவப்பு என்றேன். நல்ல தேர்வு என்றான். அதற்குள் அவன் வத்தலக்குண்டு போய்த் திரும்பியிருந்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எல்லாவற்றிலும் இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. காரியத்தை முடித்துவிட்டு வந்து, என் முன்னால் உட்கார்ந்து, நிறம் கேட்டிருக்கிறான்.

இருக்கைகள் காய்கறி லாரியில் வந்து இறங்கியபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். நான் வீடு திரும்புவதற்குள் கடை ஆட்களை வைத்துப் பொருத்திவிட்டான். மறுநாள் ஞாயிறு, கார் விடும் நாள். வெள்ளனே குளித்து, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, நாங்கள் கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போனேன். அரக்குச் சிவப்பு ஓரம் நன்றாகத்தான் இருந்தது. வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினேன்.

கிளச்சுக்கும் என் பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் வெளி. முதுகு எங்கும் படியவில்லை. தொடைக்கு அடியில் எனக்குச் சம்பந்தமில்லாத பள்ளம். தைத்தவர் தவறிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். பிராக்கெட் நான் வரைந்ததுதான். ஆனால் காரின் தரையில் துளைகள் பின்னால் தள்ளிப் போட்டிருந்தன. புதுத் துளைகள், பிசிறுகூடத் தேய்க்கவில்லை. பட்டறையில் தவறு நடந்தால் மெத்தையில்தான் இருக்கும். எங்கள் கொட்டகையில் நிற்கும் காரின் தரையில் இருக்காது.

இறங்கிச் சுற்றிவந்து இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். அது என்னை வாங்கிக்கொண்டது. இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. முன் விளிம்பைத் தடவினேன். மழுக்கி வளைத்திருந்தது. அந்தப் பக்கம் பெடலே கிடையாது.

எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அண்ணனும் சிநேகிதரும் பேசிக்கொண்டே வந்தார்கள். சிநேகிதர் கையில் தோல் உறை போட்டிருந்தார்.

"அட, தங்கச்சி ரெடியா உக்காந்திருக்கே!" என்றார் அவர். வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். கால் பெடலில் போய் நின்றது. அவருக்கென்றே வெட்டியதுபோல் இருந்தது. அவருக்கென்றே வெட்டியதுதான்.

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"சாக்க மாத்திட்டியா?"

அவன் கார் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தான். "இப்ப என்ன? நீயும்தானே வர்ற. பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வளைவா சொல்லு. பஸ்ஸுல போய்ப் போயே ஒன்ன மாதிரி அந்த ரோட்டப் படிச்சவுக யாரு?"

"ஓட்டுறது நான்னு சொன்னது யாரு?"

"சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். அங்க வர்றவுக பூராம் பெரிய மனுசங்க. வயசுப் பொண்ண ஓட்டவிட்டுட்டு அண்ணன்காரன் பக்கத்துல உக்காந்து வாரான்னு பேசுவாக. அப்பா காதுக்குப் போனா மலைய விட்டே எறக்கிருவாரு. இவன் ஒனக்கு அண்ணன் மாதிரி, பக்கத்துல உக்காந்தா யாரும் பேச மாட்டாக. ஒனக்காகத்தான்."

"எனக்காகன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

அதுதான் அவன் பதில். பொய் சொல்லவும் அவன் முயலவில்லை.

சிநேகிதர் முகம் மாறிவிட்டது. "மாப்ளே, தங்கச்சி ஒத்துக்கிட்டான்னுல்ல சொன்ன?" என்றார். இறங்கி நின்று உறையைக் கழற்றினார். "நீங்க ஓட்டுங்க தங்கச்சி. நான் வரல."

"கால் எட்டாதுங்க" என்றேன்.

"முதுகுக்கு ஒரு தலகாணி வச்சுக்கிட்டா?"

யோசித்தேன். இறுக்கிக் கட்டாத தலையணை வளைவில் நழுவும். நழுவினால் கால் பிரேக்கைத் தேடும். அந்தச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. புதுத் துளை போட நேரமுமில்லை. ரெயில் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். "சரிப்படாதுங்க" என்றேன்.

"அப்ப பக்கத்துலயாவது வா" என்றான் அண்ணன். "நீ வராட்டி என்ன நல்லா இருக்கும்?"

"அது ஒன் சீட்டு அண்ணே. நீ உக்காரு."

அவன் உட்கார்ந்தான். என் அளவில் தைத்ததில் அவன் தோள் அடங்கவில்லை. சற்றுக் கோணலாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். வர மாட்டேன் என்று நின்ற சிநேகிதரை அவனே கெஞ்சி ஏற்றினான். கார் கிளம்பியது. நான் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

கார் நன்றாகவே ஏறியது என்று மறுநாள் அலுவலகத்தில் சொன்னார்கள். பாதி வழியில் மஞ்சு மூடியதாம். மற்றவர்கள் தடுமாறியபோது இவர்கள் மட்டும் மஞ்சள் விளக்கில் வந்துவிட்டார்களாம். விளக்கு யார் தேர்வு என்று யாரோ கேட்டதற்கு அண்ணன், "நம்ம கடைச் சாமான்தான்" என்றானாம்.

அந்த ஞாயிறு இரவும் அவனுக்குச் சோறு போட்டேன். மறுநாளைக்கு மிஞ்சாத சண்டை என்று அவன் எதிர்பார்த்திருப்பான். ஆனால் நான் சண்டையே போடவில்லை. அதுதான் அவனுக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கழித்து, "பழைய எடத்துலயே தொளை போட்டுத் தாறேன், மேஸ்திரிகிட்ட ஒன் மெத்தைய வலப்பக்கத்துக்கு மாத்தச் சொல்லுறேன். போதுமா?" என்றான். வேண்டாம் என்றேன். முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் மாறக்கூடிய இருக்கை அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் திருப்பித் தந்தாலும் அது அவன் தந்ததாகத்தான் இருக்கும்.

இப்போது இருக்கும் நிலை இது. கார் சிநேகிதரின் தோட்டத்தில் நிற்கிறது. சனி ஞாயிறுகளில் அவரும் அண்ணனும் எடுத்துப் போகிறார்கள். நான் மதுரைக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். அண்ணனோடு பேசுகிறேன், ஆனால் கடைச் சாமான் பற்றி எதுவும் அவன் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. லைசென்ஸ் இருக்கிறது. காட் ரோட்டில் நான் இதுவரை கார் ஓட்டியதில்லை.